ரவுட்டர் அனுப்பிய புகார்

பொறியியல் கல்லூரியில் கணினி படிக்கிற தம்பி தங்கைகளுக்கு நெட்வொர்க்ஸ் லேப் ரெக்கார்டின் கடைசிப் பக்கங்கள் நினைவிருக்கும். நெட்வொர்க் சிமுலேட்டரைப் பற்றி அறிதல், அதில் நெரிசல் கட்டுப்பாட்டு முறைகளைச் செய்து பார்த்தல் என்று ஒரு பயிற்சி. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பல ஆண்டுகளாக வந்திருக்கிறது. பெரும்பாலும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதி, கையெழுத்து வாங்கி, மறந்துவிடுகிற பயிற்சி அது. இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் காவல் நிலையம், விடுதி, உதவித்தொகை என்றுதான் எழுதுவேன். இந்த முறை ரவுட்டரைப் பற்றி எழுதுகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

எங்கள் படிப்பகத்துக்கு வரும் ஒரு தங்கை இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ஒரு தலைப்பு எடுத்தார். நெரிசலில் மாட்டிக்கொண்ட ரவுட்டர், அனுப்புகிற கணினிக்கு 'கொஞ்சம் மெதுவாக அனுப்பு' என்று திருப்பி ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அதை என்எஸ்-3 சிமுலேட்டரில் செய்து காட்ட வேண்டும். கல்லூரியில் அவருடைய வழிகாட்டி, "உனக்கெதுக்கும்மா இவ்ளோ கஷ்டம்? ஒரு வெப்சைட் பண்ணிட்டுப் போ" என்றாராம். அந்த 'உனக்கு' என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. கூடப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்கிவிட்டார்கள். இவரிடம் பணமும் இல்லை, வாங்குகிற எண்ணமும் இல்லை. என்எஸ்-3 இலவச மென்பொருள். பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இன்னும் ஓடுகிறது. கம்பைல் ஆக ராத்திரி முழுக்க ஆகும், அவ்வளவுதான். நான் படித்ததும் இதே பாடம் என்பதால் கூட உட்கார்ந்தேன்.

சிமுலேட்டர் என்றால் பெரிய மாயம் ஒன்றுமில்லை. வயர் கிடையாது, பெட்டி கிடையாது. எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று ஒரு பட்டியல். 'இத்தனையாவது மில்லிவினாடியில் இந்தப் பாக்கெட் ரவுட்டரை அடைகிறது' என்பது ஒரு வரி. அந்த வரிக்கு வந்ததும் அதற்கான நிரல் ஓடும், அது இன்னும் இரண்டு நிகழ்ச்சிகளைப் பட்டியலில் சேர்க்கும், கடிகாரம் அடுத்த வரிக்குத் தாவும். கேஷவ் எழுதிய ரியல் என்ற சிமுலேட்டரிலிருந்து என்எஸ் வந்தது. பிறகு என்எஸ்-2, 2008-இல் என்எஸ்-3. இவை இப்படி வளர்ந்ததற்கு ஒரு பெரிய காரணம் நெரிசல்தான். ஓடிக்கொண்டிருக்கிற இணையத்தை நிறுத்திவைத்துச் சோதித்துப் பார்க்க யாராலும் முடியாது.

நெரிசல் எப்படி வருகிறது? இரண்டு கணினிகள், ஒவ்வொன்றுக்கும் வினாடிக்கு 10 மெகாபிட் லைன். இரண்டும் ஒரே ரவுட்டரில் சேர்கின்றன. ரவுட்டரிலிருந்து வெளியே போகிற லைன் 1 மெகாபிட்தான். ரவுட்டரின் வரிசையில் 20 பாக்கெட்டுக்கு இடம். ஒரு பாக்கெட் 1500 பைட் என்றால், வரிசை நிரம்பியிருக்கும்போது கடைசியில் நிற்கிற பாக்கெட் வெளியேற ஏறக்குறைய கால் வினாடி ஆகும். 21-ஆவதாக வருவது கீழே விழும். ரேஷன் கடையில் சரக்கு தீர்ந்த பிறகு வந்தவரின் நிலைமை. அனுப்பியவருக்கு அது விழுந்தது தெரியாது. பதில் வரவில்லையே என்று மறுபடி அனுப்புவார். எல்லோரும் அப்படியே செய்தால் வரிசை முழுக்க ஏற்கெனவே அனுப்பிய பாக்கெட்டின் நகல்களாகவே இருக்கும்.

இது கற்பனை இல்லை. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் நடந்தது. இரண்டுக்கும் இடையே 400 கஜம். நடந்தே போய்விடலாம். வினாடிக்கு 32 ஆயிரம் பிட் போய்க்கொண்டிருந்த பாதையில் 40 பிட் போனது. ஆயிரமில்லை, வெறும் நாற்பது.

அப்போது ரவுட்டருக்கு வாய் இல்லாமல் இல்லை. 1981 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 792 என்ற ஆவணத்திலேயே அதற்கு ஒரு செய்தி வகுத்திருந்தார்கள். சோர்ஸ் க்வென்ச் என்று பெயர், ஐசிஎம்பி வகை எண் 4. பாக்கெட் விழுந்ததும் ரவுட்டர் அதை அனுப்பியவருக்கு இந்தச் செய்தியை அனுப்பலாம். விழுந்த பாக்கெட்டின் தலைப்பும் அதற்கு அடுத்த 8 பைட்டும் செய்திக்குள் இருக்கும். அந்த 8 பைட்டில் எந்தப் போர்ட்டிலிருந்து எந்தப் போர்ட்டுக்கு, எத்தனையாவது பைட் என்பது வரை வந்துவிடும். ஆக மொத்தம் 56 பைட்டில் ஒரு முழுப் புகார். மனுவில் விவரம் போதவில்லை என்று யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆனால் அந்த ஆவணத்தைத் தங்கை வரி வரியாகப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணா, அனுப்பலாம்னுதான் போட்டிருக்கு. அனுப்பணும்னு எங்க இருக்கு?" இல்லை. வாங்கியவர் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று இருக்கிறது. எவ்வளவு குறைக்க வேண்டும்? இல்லை. எவ்வளவு நேரத்துக்கு? செய்தி வருவது நிற்கும்வரை, பிறகு மெல்ல ஏற்றிக்கொள்ளலாம். குறைக்காவிட்டால்? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆறு ஆண்டு கழித்து, 1987-இல், ப்ரூ, போஸ்டல் என்ற இருவர் ஆர்எஃப்சி 1016 எழுதினார்கள். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், சோர்ஸ் க்வென்ச் வந்தால் ஒரு கணினி செய்யக்கூடிய ஏதோ ஒன்று. தலைப்பே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

என்எஸ்-3-இல் இந்தச் செய்தி கிடையாது. 'போய்ச் சேர முடியவில்லை', 'ஆயுள் முடிந்தது' போன்ற ஐசிஎம்பி செய்திகள் இருக்கின்றன, வகை 4 இல்லை. நாமே எழுத வேண்டும். ரவுட்டர் பக்க வேலை சுலபமானது. வரிசையில் இடமில்லாமல் பாக்கெட் விழும்போது சிமுலேட்டர் ஒரு ட்ரேஸ் கொடுக்கும். அதில் நம் நிரலை மாட்டி, விழுந்ததன் தலைப்பை எடுத்து, 56 பைட் செய்தி கட்டி, மூலமுகவரிக்கு அனுப்பினால் முடிந்தது. இரண்டு நாளில் தங்கை முடித்துவிட்டார். செய்திகள் சரமாரியாகப் போவது ட்ரேஸ் கோப்பில் தெரிந்தது. வரைபடம் போட்டுப் பார்த்தால் பழைய வரைபடமேதான். விழுகிற பாக்கெட் விழுந்துகொண்டே இருக்கிறது, வேகம் மாறவில்லை. செய்தி கணினிக்குப் போகிறது, ஐசிஎம்பி அடுக்கு வாங்குகிறது, மேலே டிசிபியின் வாசல்வரை கொண்டுபோய்க் கொடுக்கிறது. வாங்கி என்ன செய்ய வேண்டும் என்று அங்கே யாரும் எழுதிவைக்கவில்லை.

அந்த வரைபடத்தைப் பார்த்தபோது எனக்குத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் நினைவுக்கு வந்தது. மனு கொடுத்தோம், எண் போட்டார்கள், 'தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது' என்று தாள் வந்தது. யார் மேல் மனு கொடுத்தோமோ அந்த அலுவலகத்துக்கே அது போயிருக்கும்.

சரி, கேட்பவருக்கும் நிரல் எழுதினார். செய்தி வந்தால் என்ன செய்வது? 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1122, டிசிபி கட்டாயம் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றது. பாக்கெட் தொலைந்து நேரம் கடந்துபோனால் எப்படி ஆரம்பத்திலிருந்து மெல்லத் தொடங்குமோ அப்படித் தொடங்கலாம் என்று பரிந்துரைத்தது. அப்படியே எழுதினார். இப்போது வேறு கூத்து. வரிசை நிரம்பியபோது ஒரே சமயத்தில் ஏழெட்டுப் பாக்கெட் விழுந்தால் ஏழெட்டுச் செய்தி வருகிறது. முதல் செய்திக்கே ஒரு பாக்கெட் அளவுக்குச் சுருங்கியவர், தலையைத் தூக்கும்போதெல்லாம் அடுத்த செய்தி வந்து அமுக்குகிறது. லைன் காலியாகக் கிடக்கிறது.

அடுத்து, ஒரு கணினியில் டிசிபியும் மற்றதில் யுடிபியும் வைத்தார். யுடிபி ஒரே வேகத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும், எந்தச் செய்திக்கும் மசியாது. ரவுட்டர் இரண்டு பேருக்கும் செய்தி அனுப்புகிறது. டிசிபி சொன்ன பேச்சைக் கேட்டு ஒதுங்குகிறது. ஒதுங்கிய இடத்தையும் யுடிபி எடுத்துக்கொள்கிறது. வரைபடத்தில் ஒரு கோடு மேலே தட்டையாக, இன்னொன்று தரையோடு தரையாக. தங்கை அந்தப் படத்தைச் செல்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டார். எங்கள் ஊர்த் தெரு நடுவில் யார் வண்டியை நிறுத்துவார்கள், யார் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள் என்று அவருடைய பாட்டி சொன்ன கதை அவருக்குத் தெரியும்.

இன்னொரு சோதனை எனக்கு முக்கியமாகப் பட்டது. திரும்பி வருகிற பாதையிலும் நெரிசலை உண்டாக்கினோம். இப்போது ரவுட்டர் அனுப்பிய புகாரே வழியில் விழுந்துவிடுகிறது. ஒரு ஐசிஎம்பி பிழைச் செய்தி தொலைந்தால் அதைப் பற்றி இன்னொரு பிழைச் செய்தி அனுப்பக் கூடாது என்பது விதி. நியாயமான விதிதான், இல்லாவிட்டால் செய்திக்குச் செய்தி என்று முடிவில்லாமல் போகும். ஆனால் விளைவு என்ன? புகார் தொலைந்தது என்பதே யாருக்கும் தெரியாது.

1988-இல் வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸ் இருவரும் வேறு வழி எடுத்தார்கள். ரவுட்டரின் செய்திக்குக் காத்திருக்க வேண்டாம், பாக்கெட் தொலைந்தால் அதையே நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொள், வேகத்தைக் குறை. இணையம் பிழைத்தது இதனால்தான். சோர்ஸ் க்வென்ச் மெல்லச் செல்லாக்காசு ஆனது. அது லைனைத்தான் அடைக்கிறது, பலனும் இல்லை, நியாயமும் இல்லை என்ற முடிவோடு, ரவுட்டர்கள் அதை அனுப்ப வேண்டாம் என்று 1995-இல் ஆர்எஃப்சி 1812 சொன்னது. 2012-இல் ஆர்எஃப்சி 6633 முறைப்படி புதைத்தது.

ஜேக்கப்சனின் வழியைக் குறை சொல்ல நான் யார்? ஆனாலும், ஒன்று விழுந்த பிறகுதான் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு அது. அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் எதிர்கொள்ளும் பாகுபாட்டைப் பற்றி தோரட் குழு 2007-இலேயே அறிக்கை கொடுத்தது. உயர்கல்வி நிறுவனங்களில் சம வாய்ப்பு மையம், பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் வேண்டும் என்று யுஜிசி 2012-இல் விதிமுறை போட்டது. செய்தி போகவில்லை என்று சொல்ல முடியாது. 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலாவை இழந்தோம். 2019 மே 22 அன்று பாயல் தட்வியை இழந்தோம். அதற்குப் பிறகுதான் குழு, விசாரணை, விவாதம். மனிதரைப் பாக்கெட்டோடு ஒப்பிட நான் வரவில்லை. பாக்கெட்டின் நகல் அனுப்பியவரிடம் இருக்கும், மறுபடி அனுப்பிக்கொள்ளலாம்.

விழுவதற்கு முன்பே சொல்ல முடியாதா என்ற கேள்வியை நெட்வொர்க்காரர்களும் விடவில்லை. அதே 1988-இல் ராமகிருஷ்ணன், ராஜ் ஜெயின் இருவரும், தனியாகச் செய்தி அனுப்பாமல் போகிற பாக்கெட்டிலேயே ஒரு பிட்டை மாற்றிவிடலாம் என்றார்கள். சாலி ஃப்ளாய்ட் அதை டிசிபிக்குக் கொண்டுவந்தார். 1994-இல் அவர் எழுதிய கட்டுரை சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்த முடிவுகளால் ஆனது. 2001 செப்டம்பரில் ஆர்எஃப்சி 3168 வந்தது. பெயர் இசிஎன்.

அதன் நடைமுறையைத் தங்கை கரும்பலகையில் எழுதிக் காட்டினார், அதை அப்படியே தருகிறேன். பாக்கெட் தலைப்பில் இரண்டு பிட். அனுப்புகிறவர் '10' என்று போட்டு அனுப்பினால் 'எனக்குக் காது கேட்கும்' என்று அர்த்தம். ரவுட்டர் வரிசை நிரம்பத் தொடங்கும்போதே, பாக்கெட்டைக் கீழே போடாமல் '11' என்று மாற்றி முன்னே அனுப்பும். பெறுகிறவர் அதைப் பார்த்ததும் தன் பதில்களில் இசிஇ என்ற கொடியை ஏற்றுவார். ஒரு பதிலில் மட்டும் ஏற்றிவிட்டு விட்டுவிட மாட்டார். அனுப்புகிறவரிடமிருந்து சிடபிள்யூஆர் என்ற கொடி வரும்வரை ஒவ்வொரு பதிலிலும் ஏற்றிக்கொண்டே இருப்பார். அதாவது 'வேகத்தைக் குறைத்துவிட்டேன்' என்று பதில் வர வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு முறைக்கு மேல் குறைக்கத் தேவையில்லை என்றும் எழுதியிருக்கிறது, அதனால் முன்னே பார்த்த அமுக்கல் இல்லை. என்எஸ்-3-இல் ரெட் வரிசைக்கு இசிஎன்னைத் திறந்துவிட்டு, டிசிபியிலும் திறந்துவிட்டால் போதும். வரைபடத்தில் விழுகிற பாக்கெட்டுகள் வெகுவாகக் குறைந்தன. பேச்சைக் கேட்காத யுடிபியை மட்டும் இதனாலும் அடக்க முடியவில்லை. அதற்குக் காது கேட்கும் என்ற அடையாளமே இல்லாததால் ரவுட்டர் பழையபடி கீழே போட வேண்டியதுதான்.

'வாங்கிவிட்டேன்' என்பது வேறு, 'செய்துவிட்டேன்' என்பது வேறு. டிசிபியில் இரண்டுக்கும் தனித்தனி அடையாளம் இருக்கிறது. காவல் நிலையத்தில் வன்கொடுமைப் புகாரோடு போய் நின்றவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று புரிந்திருக்கும். கையில் சிஎஸ்ஆர் ரசீதைத் திணித்து அனுப்பிவிடுவார்கள். ஊருக்கு வந்து 'கேஸ் கொடுத்தாச்சு' என்று சொல்லிக்கொண்டிருப்போம். முதல் தகவல் அறிக்கை போட்டிருக்க மாட்டார்கள். ரசீது என்பது வாங்கிக்கொண்டதற்கு அடையாளம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். வேண்டுமென்றே கடமையைப் புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 6 மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியருக்கு இது பொருந்தும். இது முதலிலிருந்தே இருந்தது. எது கடமை என்று மட்டும் அந்தப் பிரிவில் பட்டியல் இல்லை. ஆர்எஃப்சி 792-இல் 'குறைக்க வேண்டும்' என்று மட்டும் இருந்தது போல. திருத்தச் சட்டம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் கடமைகளை ஒவ்வொன்றாக எழுதினார்கள். வாய்மொழியாகச் சொன்ன தகவலை எழுதி, கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். எழுதியதன் நகலை உடனே தகவல் கொடுத்தவரிடம் தர வேண்டும். 60 நாளுக்குள் விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும், தாமதமானால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். இவை சலுகை இல்லை, அவர் செய்தாக வேண்டிய வேலை. நிலையத்துக்குப் போகும்போது இந்தப் பிரிவின் தமிழ் நகலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நகல் எங்கே என்று கேளுங்கள், ரசீதோடு எழுந்து வராதீர்கள்.

ஆனால் அதே பிரிவில் ஒரு கொக்கியும் இருக்கிறது. நிர்வாக விசாரணை பரிந்துரைத்தால்தான் அந்த ஊழியர் மேல் இந்தக் குற்றச்சாட்டைக் கொண்டுவர முடியும். விசாரணை செய்வது அதே நிர்வாகம்.

இசிஎன்னுக்கும் இப்படி ஒன்று நடந்தது. 'எனக்குக் காது கேட்கும்' என்று சொல்லி இணைப்புக் கேட்ட கணினிகளைச் சில ஃபயர்வால்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பின. அந்த இரண்டு கொடிகளை முன்பின் பார்த்ததில்லை, அதனால் சந்தேகம். இது தவறு என்று விளக்கி 2002-இல் ஃப்ளாய்டே ஆர்எஃப்சி 3360 எழுத வேண்டியிருந்தது. லினக்ஸ் நெடுங்காலம், எதிர்ப்பக்கம் கேட்டால் இசிஎன்னில் பேசு, நீயாகக் கேட்காதே என்ற நிலையிலேயே வைத்திருந்தது. புகார் கொடுக்கத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிய நம் பையன்களுக்குக் கேம்பஸ் இன்டர்வியூவில் என்ன நடக்கிறது என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

தங்கை இப்போது செய்துகொண்டிருப்பது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை, அவராகவே எடுத்தது. பெறுகிறவர் பொய் சொன்னால்? '11' என்று வந்ததைப் பார்த்தும் கொடியை ஏற்றாமல் மறைத்தால், அனுப்புகிறவர் வேகத்தைக் குறைக்க மாட்டார், மறைத்தவருக்குப் பதிவிறக்கம் வேகமாக நடக்கும், பக்கத்திலிருக்கிற நேர்மையானவர் நசுங்குவார். இதைப் பிடிக்க 2003-இல் ஆர்எஃப்சி 3540 ஒரு வழி சொன்னது. அனுப்புகிறவர் சில பாக்கெட்டில் '10', சில பாக்கெட்டில் '01' என்று தன் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிப் போடுவார். ரவுட்டர் '11' ஆக்கும்போது பழைய எண் அழிந்துவிடும். பெறுகிறவர் அந்த எண்களின் கூட்டலைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மறைத்தவருக்கு அழிந்த எண் தெரியாது, குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும், ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்ள பாதிக்குப் பாதி வாய்ப்பு. நல்ல யோசனை. பரவலாக யாரும் பயன்படுத்தவில்லை, 2018-இல் அதையும் பழங்கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

அதைத்தான் அவர் என்எஸ்-3-இல் மறுபடி எழுதுகிறார். பொய் சொல்கிற ஒருவர், உண்மை சொல்கிற ஒருவர், நடுவில் 1 மெகாபிட் லைன். நேற்று இரவு போட்ட கம்பைல் காலையில் ஒரு பிழையோடு நின்றிருந்தது. வரைபடம் வந்ததும் இங்கே போடச் சொல்கிறேன். வைவாவுக்கு உள்ளே வர முடியாவிட்டாலும் வாசல்வரை வருகிறோம் என்று படிப்பகப் பிள்ளைகள் நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

ஜெய்பீம்.